மடுல்சீமைக் கோப்பியும் பாமினி எழுத்தும்

பதுளை பஸ் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நான் அடிக்கடி போகும் கொமினிகேசன் கடை ஒன்று இருக்கிறது. ஒரு போட்டோ கொப்பி இயந்திரம், இரண்டு கணினி, சுவரில் சாமிப் படம், அதன் கீழே ரீலோட் அட்டைகள். பசறை, மடுல்சீமை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் மனு எழுதிக்கொள்வதும், பிள்ளையின் சடங்குக்குக் கார்ட் அடிப்பதும் அங்கேதான். கடைக்கார அக்கா எதிரே இருப்பவரோடு பேசிக்கொண்டே டைப் பண்ணுவார். விசைப்பலகையில் எழுத்தெல்லாம் தேய்ந்து வழுக்கையாகிப் பல வருடம் ஆகிறது. அவருக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. அந்தக் கடையின் கணினிகள் பழசு. விண்டோஸ் 11 அவற்றில் ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் ஓரளவு புதிய புரொசெசரும் அதற்கு வேண்டும். இந்த நேரம் பார்த்து, பல்கலைக்கழகத்தில் படிக்கும் அக்காவின் மருமகன் லீவுக்கு வந்து சேர்ந்தான்.

"லினக்ஸ் போட்டுத் தர்றேன் அத்தை. சல்லி செலவில்ல. வைரஸும் வராது."

"அதுல பாமினி வராதுடா."

"வரும் அத்தை."

"வராது. எனக்குத் தெரியும்."

என் அடையாள அட்டைக்கு நகல் எடுத்து முடிய அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தில் இருவரும் சொன்னவற்றில் பாதி தவறு. பாமினி வெறும் எழுத்துருக் கோப்பு. லினக்ஸில் போட்டால் அங்கேயும் தெரியும். லினக்ஸுக்கு வைரஸே வராது என்பதும் சரியில்லை. குறைவு என்று வேண்டுமானால் சொல்லலாம். இருவருக்கும் மூளை நன்றாகவே வேலை செய்யும். ஆனாலும் தான் பார்த்தே இராத ஒன்றைப் பற்றி அத்தையும், அத்தையின் வேலையைப் பற்றி மருமகனும், கண்ணால் கண்டவர்கள் போல அடித்துப் பேசினார்கள். கடைசியில் என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள். நானோ பல வருடமாக லினக்ஸ்காரன். அதை நான் அங்கே சொல்லவில்லை.

அக்காவின் பக்கத்திலிருந்து தொடங்குவதுதான் நியாயம். பாமினிக்குள் ஒரு தந்திரம் இருக்கிறது. கணினியின் கணக்கில் அங்கே தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் கணினி சேமித்துக்கொள்வது ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஐந்தும்தான் பல்லை இளிக்கும். யுனிகோட் அப்படியல்ல, தமிழுக்கென்றே 128 இடங்களைக் கொண்ட தனிப் பகுதி அதில் உண்டு. தேடினால் கிடைக்கும், கைத்தொலைபேசியிலும் தெரியும். 2008இல் இலங்கையும் எஸ்.எல்.எஸ். 1326 என்று கணினித் தமிழுக்கு ஒரு நியமம் கொண்டுவந்தது.

ஆனால் கைக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 'கொ' என்று எழுத, தட்டச்சு வழியில் வந்தவர் முதலில் கொம்பை அடிப்பார், பிறகு 'க', பிறகு அரவு. கண்ணுக்குத் தெரியும் வரிசை அது. யுனிகோட் சேமிப்பது காதுக்குக் கேட்கும் வரிசையை: முதலில் 'க', அதன் பிறகே ஒகரம். இந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் நின்று சமரசம் செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன. சரியாக அமையாவிட்டால், இருபது வருடம் கொம்பை முன்னால் அடித்த விரல் ஒவ்வொரு 'கொ'விலும், ஒவ்வொரு 'தே'யிலும் தடுக்கி விழும். தேயிலை மண்ணில் எத்தனை 'தே' அடிக்க வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று, கார்ட்கள். கடையில் சேர்ந்திருக்கும் பழைய அழைப்பிதழ்களில் பெரும்பகுதி பேஜ்மேக்கர் கோப்பு. அடோபி அதன் 7.0 பதிப்பை 2001இல் வெளியிட்டது. அதற்கு மேல் பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை. அந்தக் கோப்புகளை லினக்ஸில் திறக்க வழி இருந்தாலும், வடிவமைப்புக் குலையாமல் வரும் என்று நம்ப முடியாது. ஆக அக்கா சொன்ன காரணம் பிழை, ஆனால் அவருடைய பயம் பிழையில்லை. வாதங்களில் இது அடிக்கடி நடக்கிறது. உண்மையான காரணம் சொல்லுக்குள் வராமல் உள்ளேயே கிடக்கும். கைக்கு எட்டிய ஏதோ ஒரு காரணம் அதற்குப் பதிலாக வெளியே வந்து சண்டை பிடிக்கும்.

ஏன் சொல்லுக்குள் வருவதில்லை? 2014இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டி ஸ்னைடர், கோர்டன் லோகன் குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு வழி காட்டுகிறது. நன்றாகத் தட்டச்சு செய்யும் நூறு பேரை எடுத்துக்கொண்டார்கள். சராசரி வேகம் நிமிடத்துக்கு 72 சொல். அவர்கள் கையில் எழுத்தில்லாத விசைப்பலகைப் படம் ஒன்றைக் கொடுத்து, 80 விநாடிக்குள் எந்த எழுத்து எங்கே என்று நிரப்பச் சொன்னார்கள். இருபத்தாறில் சராசரியாகப் பதினைந்து எழுத்தைத்தான் சரியான இடத்தில் வைக்க முடிந்தது. விநாடிக்கு ஆறு தடவை, பெரும்பாலும் பிழையில்லாமல், போய்த் தொட்ட இடம். எங்கே என்று கேட்டால் தெரியாது. அறிவு விரலில் இருக்கிறது, வாய்க்கு அதன் முகவரி தெரியாது. கொழுந்து பறிக்கும் அம்மாமாரைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று பாடம் சொல்வார்கள். ஆனால் கை அதற்கு மேல் எத்தனையோ பார்க்கிறது. எந்தக் கிளையை விட வேண்டும், எது முற்றல் என்பதை யாரும் வசனமாகச் சொல்லிக் கேட்டதில்லை.

இப்படிச் சொல்லவே முடியாத ஒரு சொத்தை விட்டுவரச் சொன்னால் மனிதர் என்ன செய்வார்? அதன் விலையைச் சொல்லத் தெரியாது. 'எனக்கு நேரமாகும், நான் மறுபடி பழக வேண்டும், பழகும்வரை வாடிக்கையாளர் முன்னால் வெட்கமாக இருக்கும்' என்று சொல்வதைவிட 'பாமினி வராது' என்பது சுலபம்.

பொருளைப் பொறுத்த வரையில் இந்தக் கணக்கை அளந்திருக்கிறார்கள். டானியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் 1990இல் வெளியிட்ட பரிசோதனையில், கோர்னெல் மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு கோப்பி மக் கொடுத்தார்கள். கிடைத்தவர்கள் என்ன விலைக்கு விற்பார்கள், கிடைக்காதவர்கள் என்ன விலைக்கு வாங்குவார்கள்? அதே மக்தான். விற்பவர் கேட்ட விலை, வாங்குபவர் தர நினைத்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல். சில நிமிடம் கையில் இருந்த மக்குக்கே இந்த மவுசு என்றால், இருபது வருடம் கையில் இருந்த விசைப்பலகைக்கு எவ்வளவு கேட்க மாட்டார்கள்!

மருமகன் விடயத்துக்கு வருகிறேன். அவன் மாறியவன். மாறியவன் திறந்த மனதுக்காரன் என்று நினைத்துக்கொள்வது நம் வழக்கம். (அவன் நினைத்துக்கொள்வதும் அதைத்தான். நானும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தேன்.) 1956இல் ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் பெண்களிடம் சில வீட்டு உபகரணங்களைக் காட்டி மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு இரண்டைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றார். எடுத்த பிறகு மறுபடி மதிப்பெண். எடுத்த பொருளின் மதிப்பு ஏறியிருந்தது, விட்டதன் மதிப்பு இறங்கியிருந்தது. பொருள் அதேதான், இடையில் நடந்தது தெரிவு மட்டும்.

இதற்கு எதிராக ஒரு நல்ல கேள்வி எழுந்தது. ஒருவர் ஒன்றைத் தெரிவு செய்கிறார் என்றாலே அவருக்கு அது முதலிலிருந்தே கொஞ்சம் கூடுதலாகப் பிடித்திருக்கலாம்; முதல் மதிப்பெண்தான் அதைச் சரியாகப் பிடிக்காமல் விட்டது என்று கீத் சென், ஜேன் ரைசன் இருவரும் 2010இல் வாதிட்டார்கள். ஐம்பது வருடத்துப் பரிசோதனைகளையே ஆட்டங்காண வைத்த கேள்வி அது. அதே ஆண்டில் லண்டனில் டாலி ஷாரட் குழுவினர் அழகான ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். சுற்றுலாப் போகும் ஊர்கள் இரண்டைத் திரையில் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் காட்டுவதாகச் சொல்லி, ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். உண்மையில் திரையில் ஊர்ப் பெயரே இல்லை. வெறும் குருட்டுத் தெரிவு. அப்புறம், 'நீங்கள் தெரிவு செய்தது இந்த ஊர்' என்று ஒன்றைச் சொன்னார்கள். அந்த ஊரின் மதிப்பு ஏறிவிட்டது! தான் தெரிவு செய்ததாக நம்பினாலே போதும் போலிருக்கிறது.

எனக்கு இதைவிட வியப்புத் தருவது மத்தியூ லீபர்மன் குழுவின் 2001ஆம் ஆண்டு ஆய்வு. மறதி நோயாளிகளிடம் ஓவிய அச்சுப்படங்களைக் கொடுத்துத் தெரிவு செய்யச் செய்தார்கள். சிறிது நேரத்தில் எதை எடுத்தோம் என்பது அவர்களுக்கு மறந்தே போனது. ஆனாலும் எடுத்ததன்மீது விருப்பம் கூடியிருந்தது. வாதம் முடிந்தது நினைவில்லை, வாதத்தின் தீர்ப்பு மட்டும் உடம்பில் தங்கிவிட்டது. மருமகன் நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்துத்தான் லினக்ஸை விரும்புகிறான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை அவன் போட்ட அந்த இரவுக்குப் பிறகு ஒப்பிட்ட தராசு அதே தராசுதானா என்பதை அவனாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

'எது வேகம்' என்ற சண்டையிலாவது கடிகாரம் இருக்கிறதே என்று தோன்றும். 1980களின் இறுதியில் ஆப்பிள் நிறுவனத்தின் புரூஸ் டோக்னாசினி ஒன்றை எழுதினார்: விசைப்பலகைக் குறுக்குவழிதான் வேகம் என்று எல்லாரும் அடித்துச் சொல்கிறார்கள், ஆனால் கடிகாரம் வைத்தால் மௌஸ்தான் வெல்கிறது. காரணமும் சொன்னார். எந்த விசை என்று யோசிப்பதில் மனம் மூழ்கிவிடுவதால் அந்த நேரம் போனதே தெரிவதில்லை. மௌஸை நகர்த்துவது அலுப்பான வேலை, அதனால் ஒவ்வொரு கணமும் உறைக்கிறது. அருமையான விளக்கம். ஆனால் ஆப்பிள் அப்போது மௌஸை நம்பிக் கடை நடத்திக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2005இல் ரைஸ் பல்கலைக்கழகத்து டேவிட் லேன் குழுவினர் பார்த்தபோது குறுக்குவிசைதான் வேகமாக இருந்தது. அதிலும் வேடிக்கை, பல வருடம் அந்த மென்பொருளோடு பழகியவர்கள்கூடப் பெரும்பாலும் மௌஸைத்தான் நாடினார்கள். விசைப்பலகை வரலாற்றிலும் இதே கதைதான். ஓகஸ்ட் ட்வோராக் 1936இல் காப்புரிமை பெற்ற விசைப்பலகை வழக்கமானதை வென்றது என்பதற்குப் பெரிய ஆதாரமாகச் சொல்லப்பட்டது 1944இன் அமெரிக்கக் கடற்படை ஆய்வு. அந்தக் கடற்படையில் ட்வோராக்கே அதிகாரியாக இருந்ததைப் பிற்காலத்தில் லீபொவிட்ஸ், மார்கோலிஸ் என்ற பொருளியலாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். வியாபாரியே தராசையும் பிடித்திருக்கிறார்.

ஜெர்மனியின் மியூனிக் நகரசபை 2003இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் படிப்படியாக மாற்றி, 2017இல் விண்டோஸுக்கே திரும்ப வாக்களித்தது. இரு பக்கத்தாரும் இன்றும் அதைத் தங்கள் கட்சிக்குச் சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். உம்பர்ட்டோ எக்கோ 1994இலேயே மெக்கின்டோஷைக் கத்தோலிக்கம் என்றும் டொஸை புரட்டஸ்தாந்தம் என்றும் எழுதிச் சிரித்தார். சமயச் சண்டை என்று சொல்லிச் சிரிப்பதோடு விட்டுவிடலாம்தான். ஆனால் பதுளையில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறொரு மாற்றம் ஞாபகத்துக்கு வருகிறது.

அந்தக் கடை வாசலிலிருந்து மடுல்சீமை பஸ் ஏறலாம். 1869இல் அந்த மலைகளில்தான் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி முதலில் கவனிக்கப்பட்டது. பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார். உருளைக்கிழங்கு நோயை ஆராய்ந்து பேர்பெற்ற பெர்க்லி பாதிரியார், புரூம் என்பவரோடு சேர்ந்து அதே வருடம் அந்தப் பூஞ்சைக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். தோட்டத் துரைமார் அதை 'நாசக்காரி எமிலி' ஆக்கிக் கேலி செய்தார்கள். கேலி செய்ததோடு நிற்கவில்லை. 1870களில் கோப்பி விலை ஏறியதும் நோய் வந்த பிறகும் புதுக்காடு வெட்டிக் கோப்பியே நட்டார்கள். இலை உதிர்வதற்கு மழை காரணம், மண் களைத்தது காரணம், எரு போதாதது காரணம் என்று ஆளுக்கொரு விளக்கம் இருந்தது. மருந்து போட்டால், நல்ல எரு போட்டால், அடுத்த பருவம் சரியாகிவிடும்.

1880இல் மார்ஷல் வோர்ட் என்ற இளம் தாவரவியலாளர் வந்தார். வயது இருபதுகளின் நடுவில்தான். கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்தில் தொங்கவிட்டு, காற்றில் வரும் வித்துகளைப் பிடித்துக் காட்டினார். மழையோ மண்ணோ காரணமில்லை. மலைக்கு மலை கோப்பியே நின்றதால் காற்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தடையில்லாமல் கொண்டுபோகிறது. இதற்கு மருந்து என்று எதையும் அவரால் தர முடியவில்லை. நோயைக் கண்டுபிடித்துவிட்டு மருந்தில்லை என்று சொல்பவரை யாருக்குப் பிடிக்கும்? 1884இல் கோப்பிக்குக் கடன் கொடுத்த ஓரியண்டல் வங்கியே விழுந்தது. இடையில் சிங்கோனா வைத்துப் பார்த்தார்கள்; எல்லாரும் வைத்ததால் விலை இறங்கியது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867லேயே தேயிலை நட்டிருந்தார். இருந்தும் 1875இல் தீவு முழுவதும் தேயிலை சுமார் ஆயிரம் ஏக்கர்தான். 1900இல் மூன்றரை இலட்சத்துக்கு மேல். மாறுவதற்கு எல்லாம் தயாராக இருந்தது. கோப்பியில் போட்ட பணமும், கோப்பி தெரிந்த கையும், 'நான் கோப்பித் துரை' என்ற பெயரும் கண்ணை மறைத்தன.

துரைமாரை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன நடக்கும் என்று தெரிந்த இடத்தில் நின்றுகொண்டு நான் பேசுகிறேன். 1872இல் விலை ஏறிக்கொண்டிருந்தபோது நல்ல கோப்பியைப் பிடுங்கிவிட்டு யாரோ ஒரு டெய்லரை நம்பித் தேயிலை நடுவது அறிவுள்ள செயலாகவா தெரிந்திருக்கும்? பிடிவாதம் சில சமயம் சரியான பக்கத்திலும் நிற்கும். எந்தச் சமயம் என்பது பிடிவாதக்காரருக்குத் தெரியாது என்பதுதான் சங்கடம்.

என்னை உறுத்துவது வேறு. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் மாதங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள், முடிந்ததும் பெரும்பாலானோர் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். குடும்பமாக வந்தார்கள், லயத்தில் தங்கினார்கள். மலையகத் தமிழர் என்று நாங்கள் இந்த மலையில் நிலைத்ததே அந்த மாற்றத்தின் பலன். கோப்பியா தேயிலையா என்று கொழும்பிலும் லண்டனிலும் வருடக்கணக்காக நடந்த வாதத்தில் அவர்களை யாரும் நடுவராகக் கூப்பிடவில்லை. மாற்றத்தின் சுமை முழுவதும் யார் முதுகில் ஏறப்போகிறதோ அவரைத் தவிர மற்றவர்கள் வாதாடியிருக்கிறார்கள்.

கடையில் என்னைக் கூப்பிட்டபோது இதெல்லாம் ஓடியது என்று சொன்னால் பொய். 2002இல் எமிலி புரோனின், டானியல் லின், லீ ராஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் பொதுவாக, மற்றவர்களுக்குச் சாய்வு அதிகம், எனக்குக் குறைவு என்றார்கள். அதை வாசித்து வைத்திருந்தும் நான் உடனே வாயைத் திறந்து லினக்ஸின் பெருமையைத்தான் சொல்லத் தொடங்கினேன். அக்கா என்னைக் கவனிக்கவில்லை. பெஞ்சில் மனுவோடு காத்திருந்த பெரியவரைப் பார்த்துக் கேட்டார்.

"ஐயா, ஒங்க மனு இன்னைக்கே வேணுமா?"

"பஸ்ஸுக்கு முன்னாடி குடுத்தா போதும்மா."

அக்கா பழையபடி அடிக்கத் தொடங்கினார். மருமகன் இரண்டாவது கணினியில் இரண்டையும் போட்டான். அதன் பிறகு கணினியைப் போட்டதும் ஒரு கறுப்புத் திரை வரும். மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். பத்து விநாடி காத்திருக்கும். யாரும் எதையும் தொடாவிட்டால் முதல் வரியில் இருப்பது தானாக ஓடும். எது முதல் வரி என்பதை முடிவு செய்தது நிறுவிய மருமகன். அவன் போன முதல் வாரம் அக்கா ஒவ்வொரு காலையும் ஓடிவந்து கீழ் அம்பை அழுத்தினாராம். சில நாள் தவறவிட்டு, வேறு வழியில்லாமல் லினக்ஸிலேயே பில் அடித்தாராம்.

அடுத்த லீவுக்கு அவன் வந்தபோது நானும் கடையில் இருந்தேன். கணினியைப் போட்டான். விண்டோஸ் முதல் வரியில் இருந்தது. மாற்றிக் கொடுத்த பையன் யாரென்று அவன் கேட்டான். "அதை விடு," என்றார் அக்கா, "அந்தக் கீழ இருக்கிறதுல பில் அடிச்ச கோப்பு இருக்கு, அதைத் தேடிக் குடு."